மெண்டல் எழுதிய கட்டுரை

தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை என்பது நம் நாட்டில் வழங்கும் பழமொழி. அவரை விதைத்தவன் துவரை அறுப்பதில்லை என்பதும் அனைவரும் அறிந்ததே. ஆயினும், ஒரே தாய் வயிற்றிற் பிறந்த மக்களுள் ஒருவன் தாயின் மூக்கையும் மற்றொருவன் தந்தையின் நெற்றியையும் பெறுவது ஏன்? பெற்றோர் இருவரிடத்தும் காணப்படாத சாயல், பாட்டனிடமிருந்து ஒரு தலைமுறையைத் தாண்டிப் பேரனிடம் வந்து தோன்றுவது எவ்வாறு? உழவரும் கால்நடை வளர்ப்போரும் நெடுங்காலம் வியந்து நின்ற வினாக்கள் இவை. இவற்றிற்கு விடை கண்டு, ஐம்பது பக்கத்திற்கும் குறைந்த ஒரு கட்டுரையில் அவ்விடையை எழுதி வைத்தவர், ஆசிரியர் பணிக்குரிய தேர்வில் இருமுறை முயன்றும் தேறாத துறவி ஒருவர். அவர் பெயர் கிரிகோர் மெண்டல்.

அந்நாளில் ஆஸ்திரியப் பேரரசுக்கு உட்பட்டிருந்ததும், இன்று செக் குடியரசில் அடங்கியிருப்பதுமான ஹைன்சன்டார்ப் என்னும் சிற்றூரில், 1822-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் மெண்டல் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் யோகான் என்பது. தந்தை அன்டன் சிறுநிலமுடைய உழவர். தமக்கென நிலம் இருந்தும், வாரத்தில் மூன்று நாள் அவ்வூர்ப் பிரபுவின் நிலத்தில் கூலியின்றி வெட்டிவேலை செய்யக் கடமைப்பட்டவர். தாய் ரோசின். தமக்கை ஒருத்தியும் தங்கை ஒருத்தியும் உடன்பிறந்தோர். ஊர்ப் பங்குக் குருவானவர் பழமரம் வளர்ப்பதில் வல்லவர்; ஒட்டுக் கட்டும் முறையையும் பதியம் போடும் முறையையும் ஊராருக்குக் கற்பித்து வந்தார். ஏட்டுக் கல்வியோடு இத்தோட்டக் கல்வியும் யோகானுக்கு இளமையிலேயே வாய்த்தது.

கூர்த்த அறிவுடைய சிறுவனை மேற்படிப்புக்கு அனுப்புமாறு ஆசிரியர் வற்புறுத்தினார். பெற்றோரும் இசைந்தனர். பதினொரு வயதில் ஊரைவிட்டு நீங்கிய யோகான், பின்னர்த் துரொப்பாவ் நகரத்து உயர்நிலைப் பள்ளியிற் சேர்ந்தார். முழு உணவுக்கும் பணம் கட்ட இயலாமையால் அரை உணவுக்கே ஏற்பாடாயிற்று. ஊரிலிருந்து அப்பக்கம் செல்லும் வண்டிகளில் பெற்றோர் அனுப்பிய ரொட்டியும் வெண்ணெயும் மறுபாதிப் பசியை ஆற்றின. அந்நிலையும் நீடிக்கவில்லை. 1838-இல் தந்தையார் வெட்டிவேலை செய்துகொண்டிருந்தபோது மரமொன்று மார்பின்மீது விழுந்தது. அதன்பின் அவர் பழைய வலிவை அடையவே இல்லை. பதினாறு வயது மாணவன் பிற பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தன் வயிற்றைத் தானே கழுவிக்கொள்ள வேண்டியதாயிற்று. உழைப்பும் பட்டினியும் கவலையும் ஒருங்கு சேர்ந்து அவரை நோயிற் கிடத்தின.

ஓல்மூட்சு நகரத்துக் கல்லூரியிற் படிக்க வேண்டிய காலம் வந்தபோது கையிற் பொருள் சிறிதும் இல்லை. அப்போது தங்கை தெரேசியா, தன் திருமணத்திற்கென வைத்திருந்த சீதனத்தில் ஒரு பகுதியை அண்ணனின் படிப்புக்குக் கொடுத்தாள். இதனை மெண்டல் மறந்தாரல்லர். பிற்காலத்தில் அத்தங்கையின் புதல்வர் மூவரையும் தம் செலவிற் படிக்கவைத்தார்; அவர்களுள் இருவர் மருத்துவராயினர். கடனைத் திருப்பிக் கொடுத்தார் என்று இதனைச் சொல்வது பொருந்தாது. பெற்றதினும் மிகுதியாகவே கொடுத்தார்.

கல்லூரியில் இயற்பியல் கற்பித்த பேராசிரியரின் பரிந்துரையால், 1843-ஆம் ஆண்டில், பிரூன் நகரத்திலிருந்த அகஸ்டின் சபையாரின் மடத்தில் யோகான் சேர்ந்தார். அந்நகரம் இன்று பிர்னோ என வழங்குகிறது. மடத்திற் சேர்ந்தபோது பெற்ற பெயரே கிரிகோர் என்பது. நாளைய உணவுக்கு என் செய்வது என்னும் கவலை அன்றோடு அவரைவிட்டு அகன்றது. அம்மடமும் வெறும் வழிபாட்டிடமாக இருக்கவில்லை. அதன் தலைவர் சிரில் நாப் என்பவர் பெரிய நூல்நிலையமும் தோட்டமும் அமைத்து, துறவியர் பலரைக் கல்வித் துறையில் ஊக்கியவர். பிரூன் நகரம் கம்பளி நெசவுக்குப் பேர்போனது. நல்ல கம்பளி தரும் ஆட்டினத்தைப் பெருக்குவது எப்படி என்று அங்குள்ளோர் கூடி ஆராய்வது வழக்கம். 1837-இலேயே அத்தகைய கூட்டமொன்றில் நாப், எத்தகைய கலப்பினால் நல்ல இனம் பிறக்கும் என்பதைவிட, பெற்றோரிடமிருந்து வழிவழி வருவது எது, அஃது எவ்வாறு வருகிறது என்பதே ஆராயத்தக்கது என்று சுட்டிக் காட்டினார். வினா அங்கே காத்திருந்தது. விடை காண்பவர் வந்து சேர்ந்தார்.

1847-இல் குருப்பட்டம் பெற்ற மெண்டலுக்கு, மருத்துவமனையில் நோயாளிகளைக் கண்டு ஆறுதல் கூறும் பணி அளிக்கப்பட்டது. பிறர் துன்பத்தைக் கண்டு தாங்கும் நெஞ்சுரம் அவருக்கு இல்லை, அவரே நோயுற்றார். இதனை உணர்ந்த நாப், 1849-இல் அவரை ஸ்னைம் நகரத்துப் பள்ளிக்குத் தற்காலிக ஆசிரியராக அனுப்பினார். கற்பிக்கும் பணி அவருக்கு இயல்பாகவே பொருந்திற்று. ஆனால், நிலையான ஆசிரியராவதற்குத் தேர்வில் தேறவேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம்.

1850-இல் அவர் அத்தேர்வுக்குச் சென்றார். காற்றின் தன்மைகளைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை ஏற்றுக்கொள்ளப்பட்டது. பாறைகளைப் பற்றிய கட்டுரையும், பாலூட்டி விலங்குகளின் வகைப்பாட்டைப் பற்றிய கட்டுரையும் தேர்வாளர்க்கு நிறைவளிக்கவில்லை. விலங்குகளை அறிவியற் பெயரிட்டுச் சொல்லாமல் ஊரார் வழங்கும் பெயராலேயே சொன்னார் என்பது அவர்மீது கூறப்பட்ட குறைகளுள் ஒன்று. பல்கலைக்கழகத்தின் வாயிலையே மிதியாத ஒருவர், தாமே நூல்களைப் புரட்டிக் கற்றுத் தேர்வெழுதினார் என்பதை எண்ணிப் பார்த்தால் குறை யாருடையது என்பது விளங்கும். தேர்வுக் குழுவின் தலைவர் அதனை எண்ணிப் பார்த்தார் போலும்; இவரை வியன்னாப் பல்கலைக்கழகத்திற்கு அனுப்பிப் படிக்கவைக்குமாறு நாப்புக்குத் தெரிவித்தார். இவ்வாறு தோல்வியே மெண்டலைப் பல்கலைக்கழகத்திற் கொண்டு சேர்த்தது.

1851 முதல் 1853 வரை வியன்னாவில் அவர் பயின்றார். ஒலியலைகளைப் பற்றிய ஆராய்ச்சியாற் புகழ்பெற்ற டாப்ளரிடம் இயற்பியல் கற்றார். உங்கர் என்பாரிடம் தாவரவியல் கற்றார். சில பொருள்களை எத்தனை வகையாகச் சேர்த்து அடுக்கலாம் என்று கணக்கிடும் கணிதமும் அங்கே அவருக்குக் கிடைத்தது. செடிகளை ஆராய்வோர் அக்காலத்திற் கணிதத்தை நாடுவதில்லை. கணிதம் அறிந்தோர் செடிகளைக் குனிந்து பார்ப்பதில்லை. இரண்டும் ஒருவரிடத்தே கூடியது அரிய வாய்ப்பு.

பிரூனுக்கு மீண்ட மெண்டல் 1854-இல் அங்குள்ள பள்ளியொன்றில் மீண்டும் தற்காலிக ஆசிரியரானார். 1856-இல் இரண்டாம் முறை தேர்வெழுத வியன்னா சென்றவர், தேர்வு முற்றுமுன்னரே நோயுற்று வெறுங்கையோடு திரும்பினார். அதன்பின் அவர் தேர்வை நாடவில்லை. பதினான்கு ஆண்டுகள் அப்பள்ளியில் தற்காலிக ஆசிரியராகவே பணியாற்றினார். தேர்வில் தவறிய அதே 1856-ஆம் ஆண்டிலேதான் அவர் பட்டாணிச் செடிகளிடம் தம் வினாவைக் கேட்கத் தொடங்கினார்.

மடத்தின் சுவரை ஒட்டி, முப்பத்தைந்து மீட்டர் நீளமும் ஏழு மீட்டர் அகலமும் உள்ள சிறுநிலம் அவருக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. விதை வணிகரிடம் முப்பத்துநான்கு வகைப் பட்டாணிகளை வாங்கி, அவை தலைமுறைதோறும் இனம் மாறாது வருகின்றனவா என்று ஈராண்டு சோதித்தார். அவற்றுள் இருபத்திரண்டு வகைகளை ஆய்வுக்கு வைத்துக்கொண்டார். பட்டாணியைத் தேர்ந்ததிலும் கருத்து உண்டு. அதன் பூவில் அடியிதழ்கள் கேசரங்களையும் சூல்முடியையும் பொதிந்து மூடியிருப்பதால் வேற்றுப் பூவின் மகரந்தம் எளிதில் உட்புகாது. தன் மகரந்தத்தாலேயே கருவுறும். ஆகவே, கலப்பு நிகழ்வதும் நிகழாததும் ஆய்வாளரின் கையில் இருக்கும்.

கலப்புச் செய்யும் வேலையோ பொறுமையைச் சோதிப்பது. மொட்டு மலருமுன் அதனை மெல்லப் பிரித்து, மகரந்தம் முதிராத கேசரங்களைச் சாமணத்தால் ஒவ்வொன்றாகப் பற்றி எடுத்துவிட வேண்டும். பின்னர் வேறொரு வகைச் செடியின் மகரந்தத்தைக் கொணர்ந்து அச்சூல்முடியில் இட வேண்டும். பள்ளிப் பாடமும் மடத்துக் கடமையும் போக எஞ்சிய நேரத்தில் எட்டாண்டுகள் இதனைச் செய்தார். ஏறத்தாழ இருபத்தெட்டாயிரம் செடிகள் அவர் பார்வையில் வளர்ந்தன என்பர்.

அவருக்கு முன்னும் செடிகளைக் கலந்தோர் பலர் இருந்தனர். அவர்கள் கலப்புச் செடியை முழுமையாக நோக்கி, இது தாயை ஒத்தது, இது தந்தையை ஒத்தது, இது இடைப்பட்டது என்று விவரித்ததோடு நின்றனர். மெண்டல் செடியை முழுமையாகப் பாராமல் ஏழு பண்புகளை மட்டும் தெரிந்துகொண்டார். விதை உருண்டையா, சுருங்கியதா. விதையினுள்ளே நிறம் மஞ்சளா, பச்சையா. செடி நெட்டையா, குட்டையா என்பன போன்றவை அவை. ஒவ்வொரு பண்பையும் தனித்தனியே தொடர்ந்தார். எல்லாவற்றிற்கும் மேலாக, அவர் எண்ணினார்.

உருண்டை விதையுடைய செடியையும் சுருங்கிய விதையுடைய செடியையும் கலந்தபோது, பிறந்த விதைகள் யாவும் உருண்டையாகவே இருந்தன. சுருக்கம் எங்கே போயிற்று? பாலும் நீரும் போலப் பெற்றோர் பண்புகள் கலந்து ஒன்றாகிவிடும் என்பது அக்காலத்தார் பலரின் எண்ணம். கலந்திருந்தால் சிறிது சுருங்கிய விதைகளே பிறந்திருக்க வேண்டும். அவ்வாறு நிகழவில்லை. அவ்விதைகளை மறுபடி விதைத்து, 253 செடிகள் தம்மிலே தாமே கருவுறுமாறு விட்டார். கிடைத்த விதைகள் 7,324. அவற்றுள் 5,474 உருண்டை, 1,850 சுருங்கியவை. நீறுபூத்த நெருப்பெனச் சுருக்கம் ஒரு தலைமுறை மறைந்திருந்து, குறைவுபடாமல் வெளிப்பட்டது. ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று என்பது கணக்கு. நிறத்தைப் பார்த்தார்: 8,023 விதைகளில் 6,022 மஞ்சள், 2,001 பச்சை. அதுவும் மூன்றுக்கு ஒன்று. செடியின் உயரத்தைப் பார்த்தார்: 1,064 செடிகளில் 787 நெட்டை, 277 குட்டை. ஏழு பண்புகளிலும் அதே கணக்கே அடுத்தடுத்து வந்தது. வெளிப்பட்டு நிற்பதை ஓங்கு பண்பு என்றும், மறைந்திருந்து வருவதை ஒடுங்கு பண்பு என்றும் இன்று நாம் வழங்குகிறோம்.

அவர் கண்ட காரணத்தைக் காசுகளைக்கொண்டு விளக்கலாம். இரண்டு காசுகளைச் சேர்த்துச் சுண்டினால், தலையும் தலையும், தலையும் பூவும், பூவும் தலையும், பூவும் பூவும் என நால்வகையாக அவை விழக்கூடும். தலை ஒன்றேனும் விழுவது நான்கில் மூன்று. இரண்டும் பூவாக விழுவது நான்கில் ஒன்று. ஒவ்வொரு செடியிலும் ஒரு பண்புக்கு இரண்டு காரணிகள் உள்ளன. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. அச்செடி மகரந்தத்தையும் சூலையும் உண்டாக்கும்போது அவ்விரண்டும் பிரிந்து, ஒவ்வொன்றிலும் ஒன்றே செல்கிறது. பிரிந்தவை மீண்டும் கூடும்போது காசுகளைப் போலவே கூடுகின்றன. உருண்டைக் காரணி ஒன்றிருந்தாலும் விதை உருண்டையாகும். சுருக்கக் காரணி இரண்டும் சேர்ந்தால்தான் சுருக்கம் புலப்படும். இது மெய்யானால், உருண்டை விதைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு சுருக்கத்தை உள்ளே மறைத்து வைத்திருக்க வேண்டுமல்லவா? அதையும் அவர் சோதித்தார். உருண்டை விதைகளிலிருந்து வளர்ந்த 565 செடிகளில் 193 உருண்டை விதைகளையே தந்தன. 372 இருவகையையும் தந்தன. கணக்குப் பொய்க்கவில்லை.

இரண்டு பண்புகளை ஒருங்கே நோக்கியபோதும் அவ்வாறே ஆயிற்று. 556 விதைகளில் உருண்டை மஞ்சள் 315, உருண்டைப் பச்சை 108, சுருங்கிய மஞ்சள் 101, சுருங்கிய பச்சை 32. வடிவத்தைத் தரும் காரணி நிறத்தைத் தரும் காரணியோடு பிணைந்து செல்லவில்லை. இரண்டும் தத்தம் வழியே சென்றன.

இவற்றையெல்லாம் தொகுத்துக் கட்டுரையாக்கி, 1865-ஆம் ஆண்டு பிப்ரவரி 8-ஆம் நாளும் மார்ச்சு 8-ஆம் நாளும் பிரூன் இயற்கை ஆராய்ச்சிக் கழகத்தின் கூட்டங்களில் மெண்டல் படித்தார். உள்ளூர் நாளிதழ் அச்செய்தியை வெளியிட்டது. 1866-இல் கழகத்தின் வெளியீட்டிற் கட்டுரை அச்சேறியது. நூற்றுக்கு மேற்பட்ட நூல்நிலையங்களுக்கும் கழகங்களுக்கும் அவ்வெளியீடு சென்றது. தமக்கென நாற்பது படிகள் அச்சிடச் செய்து, அறிஞர் சிலருக்கு மெண்டல் அனுப்பினார். எங்கும் அஃது அசைவை உண்டாக்கவில்லை. செடிகளைப் பற்றிய கட்டுரையில் எண்களும் எழுத்துக் குறிகளும் நிறைந்திருந்தமை படித்தோர்க்குப் புதுமையாய் இருந்தது. உயிரினங்களின் தோற்றத்தைப் பற்றி 1859-இல் பெருநூல் எழுதிய டார்வின், பண்புகள் வழிவழி வருவது எவ்வாறு என்பதற்கு விடையின்றி இடர்ப்பட்டுக்கொண்டிருந்தார். அவர் நூலின் செருமன் மொழிபெயர்ப்பை மெண்டல் குறியிட்டுப் படித்திருந்தார். மெண்டலின் கட்டுரையோ டார்வின் கண்ணிற் படவில்லை.

கட்டுரையைப் பெற்று விடையெழுதியவர் மூனிக் நகரத்துப் பேரறிஞர் நேகலி ஒருவரே எனலாம். அவரும் ஐயத்தோடே எழுதினார்; தாம் ஆராய்ந்துவந்த ஹைராசியம் என்னும் காட்டுச் செடியிலும் இதனைச் சோதிக்குமாறு தூண்டினார். மெண்டல் பணிந்து ஏற்றார். அச்செடியின் பூக்கள் மிகச் சிறியவை. கண்ணாடியும் லென்சும் கொண்டு ஒளியைக் குவித்து வேலை செய்ததில் அவர் கண்கள் நலிந்தன. அவ்வளவு பாடுபட்டும் மூன்றுக்கு ஒன்று என்னும் கணக்கு அங்கே வரவில்லை. பிள்ளைகள் தலைமுறைதோறும் ஒரே வடிவாக வந்தன. அச்செடி பெரும்பாலும் கருவுறாமலே விதை கொடுப்பது என்னும் உண்மை அவர் மறைவுக்குப் பின்னரே தெரிந்தது. தம் விதிக்கு ஒவ்வாத இம்முடிவை அவர் பெட்டியிற் பூட்டி வைக்கவில்லை. 1869-இல் அதே கழகத்திற் படித்து வெளியிட்டார். இஃது அவர் பட்டாணியில் செய்த பெரும்பணிக்குச் சற்றும் தாழ்ந்த செயலன்று.

1868-இல் நாப்புக்குப் பின் மெண்டல் மடத்தின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பள்ளிப் பணி முடிந்தது. தோட்ட வேலையும் படிப்படியாகக் குறைந்தது. தேனீ வளர்த்தார், மழையும் வெப்பமும் நாள்தோறும் குறித்தார். 1870-இல் பிரூனைத் தாக்கிய சூறாவளியை நுணுக்கமாக ஆராய்ந்து எழுதினார். 1874-இல் மடங்களின்மீது அரசாங்கம் புதுவரி விதித்தபோது, அது முறையன்று எனக் கருதி, இறுதிவரை செலுத்த மறுத்து வழக்காடினார். ஏனைய மடத்தார் இணங்கியபின்னும் அவர் இணங்கவில்லை. இவ்வழக்கு அவருடைய கடைசிப் பத்தாண்டுகளை உண்டுவிட்டது. செடிகளுக்குக் கிட்டியிருக்க வேண்டிய ஆண்டுகள் மனுக்களிற் கழிந்தன.

சிறுநீரக நோயினால் நலிந்து, 1884-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள் மெண்டல் காலமானார். புகழ்பெற்ற இசையறிஞர் யானச்செக் அவர் இறுதிச் சடங்கில் ஆர்கன் வாசித்தார். ஏழைகளுக்கு உதவிய மடத்துத் தலைவரை இழந்தோம் என்று நகரத்தார் வருந்தினர். அறிவியலாளர் ஒருவரை இழந்ததாக எண்ணியவர் அரியர். அவர் எழுதி வைத்திருந்த தாள்களுட் பல எரிக்கப்பட்டன.

1900-ஆம் ஆண்டில் ஆலந்து நாட்டு தெ விரீசு, செருமனி நாட்டுக் காரென்சு, ஆஸ்திரிய நாட்டுச் செர்மாக்கு ஆகியோர், தனித்தனியே செய்த ஆய்வுகளின் முடிவை வெளியிட முனைந்து பழைய ஏடுகளைத் தேடியபோது, முப்பத்துநான்கு ஆண்டுகளுக்கு முன் அச்சான கட்டுரையொன்றில் எல்லாம் முன்னமே சொல்லப்பட்டிருக்கக் கண்டனர். 1910-இல் பல நாட்டு அறிஞர் பொருளுதவியால் பிரூனில் அவருக்குச் சிலை எழுந்தது.

புகழோடு ஆராய்ச்சியும் வந்தது. 1936-இல் பிஷர் என்னும் புள்ளியியல் அறிஞர், மெண்டல் தந்த எண்கள் எதிர்பார்க்கும் கணக்குக்கு மிகையாகவே நெருங்கியுள்ளன என்று ஐயம் எழுப்பினார். அவ்விவாதம் பல்லாண்டு நீடித்தது. எண்கள் எவ்வாறு அமைந்திருப்பினும், விதி பொய்யாகவில்லை. அதே கலப்பைச் செய்தோர் எந்நாட்டிலும் மூன்றுக்கு ஒன்றையே கண்டனர். விதை ஏன் சுருங்குகிறது என்பதும் 1990-இல் தெளிவாயிற்று. மாவுப்பொருளை உருவாக்கும் நொதியொன்றுக்கு உரிய மரபணு பழுதுற்றால், விதையில் மாவு குறைந்து சர்க்கரை மிகும். மிக்க சர்க்கரை நீரை ஈர்க்க, விதை பருத்து, உலரும்போது சுருங்கிவிடும். காரணி என்று மெண்டல் கணக்கால் உய்த்துணர்ந்ததைக் கண்ணுக்குப் புலப்படும் பொருளாகவே கண்டுவிட்டனர்.

2022-ஆம் ஆண்டு அவர் பிறந்த இருநூறாவது ஆண்டு நிறைவு. அதனை முன்னிட்டு, பிர்னோ நகரத்து அறிஞர்கள் முந்திய ஆண்டில் அகஸ்டின் சபையாரின் இசைவோடு அவருடைய கல்லறையைத் திறந்தனர். அவர் கையாண்ட பொருள்களிற் கிடைத்த தடயங்களோடு ஒப்பிட்டு, எலும்புகள் அவருடையவையே என உறுதி செய்தபின், அவர்தம் மரபணுக்களை வரிசையாகப் படித்தனர். இதயநோய்க்கும் சிறுநீரக நோய்க்கும் இடங்கொடுக்கும் கூறுகள் அவற்றில் இருந்தன. அம்மரபணுக்களுள் ஒரு பாதி, வெட்டிவேலையில் மார்பு நொறுங்கிய அன்டன் அளித்தது. மறுபாதி ரோசின் அளித்தது.